எங்கள் பங்குதாரருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கத்துக்கும், குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறைக்கும் வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். மோட்டாரிலும் பம்பிலும் பொருத்தினால் அதிர்வையும் சூட்டையும் கவனித்து, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும் முன்பே போனுக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைச் செய்து விற்கிறோம். நாலு பேர் கம்பெனி. புதுக் கம்பெனிகளுக்கு நீங்கள் தரும் டான்சீட் விதை நிதி பெற்றவர்களில் நாங்களும் உண்டு.

முதலில் நன்றி. 10 லட்ச ரூபாய் கொடுத்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறீர்கள். கணக்குப் போட்டால் கம்பெனிக்கு மூன்றே கால் கோடிக்கு மேல் மதிப்பு வைத்ததாக ஆகிறது. ஊரில் சொந்தக்காரர்கூட அந்த மதிப்பு வைக்க மாட்டார். எங்களுக்கு அந்தப் பணம் சரியான நேரத்தில் வந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் சமீர் ஆய்வகத்தில் மின்காந்தச் சோதனை செய்தது அதில்தான். சர்க்யூட் போர்டை இரண்டு முறை மாற்றி வரைந்ததும் அதில்தான்.

மீதிப் பணம் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஓர் அரசு அலுவலகம் எங்களிடம் கருவிகள் வாங்கியது. பொருத்திக் கொடுத்தோம், வேலை செய்கிறது, பொறியாளர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்கப்புறம் பில் ஒவ்வொரு மேசையாக உட்கார ஆரம்பித்தது. செக்‌ஷனில் இருக்கிறது, ஆடிட்டில் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஃபண்ட் வரவில்லை, மார்ச் கழியட்டும். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவும் இல்லை. பணம் மட்டும் வரவில்லை.

வரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. 4 லட்ச ரூபாய்க்கு பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய். அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், வாங்கியவர் பணம் தந்தாரா இல்லையா என்று போர்ட்டல் கேட்பதில்லை. நாங்கள் வாங்கிய சாமான்களுக்குக் கொடுத்த வரியைக் கழித்தாலும், பாக்கியைக் கைப்பணத்திலிருந்துதான் கட்டுகிறோம். பையன்களுக்குச் சம்பளம், வாடகை, அடுத்த ஆர்டருக்கான சிப். எல்லாம் உங்கள் விதை நிதியிலிருந்துதான் போயிற்று. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. அதைக் கேட்டு வாங்க வசதியளிப்பு கவுன்சிலும் இருக்கிறது. ஆனால் இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் மேல் மனு போட்டுவிட்டு, அடுத்த ஆர்டருக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். சிறு நிறுவனத்துக்கு நேரத்தில் பணம் தராத கம்பெனி அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. அது வந்தபின் தனியார் ஆலைக்காரர்கள் மார்ச் மாதம் தாங்களே போன் செய்கிறார்கள். வருமான வரியே கட்டாத அரசு அலுவலகத்துக்கு அது எப்படி உறைக்கும்?

இங்கேதான் உங்கள் 3 சதவீதம் வருகிறது. நீங்கள் எங்கள் பங்குதாரர். அரசின் ஒரு கை பணம் போட்ட கம்பெனியை அதே அரசின் இன்னொரு கை பட்டினி போடுகிறது. எந்த முதலீட்டாளரும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், இரண்டு போன் போட்டிருப்பார். மேடையில் ஏழு நிமிடத்தில் முதலீட்டாளர்களிடம் பேசி பிட்ச் பண்ணக் கற்றுக்கொடுக்கிறீர்கள், நல்லது. பாக்கி வசூலிக்கவும் யாராவது கூட வந்தால் தேவலை.

என் யோசனை இதுதான். புது நிதி அறிவிப்புக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். அரசு அலுவலகம் ஒன்று பொருளைப் பெற்று, திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பில் தொகையில் 80 சதவீதத்தை நீங்கள் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த அலுவலகத்திடமிருந்து நீங்கள் வசூலித்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் திரும்பி வரும், அடுத்த கம்பெனிக்குப் போகும். மானியம்கூட இல்லை இது. நாங்கள் கேட்டால் 'பார்க்கலாம்' என்கிற மேசை, நீங்கள் கேட்டால் பதில் சொல்லும்.

இலவச பைலட், அதாவது முன்னோட்டச் சோதனை விஷயமும் உண்டு. 'முதலில் சும்மா பொருத்திக் காட்டுங்கள்' என்பார்கள். காட்டிய பிறகு டெண்டர் வரும், அதில் மூன்று வருட அனுபவமும் டர்ன்ஓவரும் கேட்டிருப்பார்கள். புத்தொழில்களுக்குத் தளர்வு உண்டென்று நாங்கள் சொன்னால், பழைய டெண்டரை நகல் எடுத்தபோது அந்த வரிகள் அப்படியே வந்துவிட்டன என்பார்கள். பைலட்டுக்கும் ஒரு விலை வையுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும்.

இன்னொன்று, எழுத்தில் விளக்கம் வேண்டும். மத்திய அரசின் விதை நிதித் திட்டத்தில் மாதிரிக் கருவி செய்ய 20 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும்போது கம்பெனி தொடங்கி இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது, வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. நீங்களோ பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கும் பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் 15 லட்சம் வரை தருகிறீர்கள். பங்கு கொடுத்து வாங்கிய அந்தத் தொகை இந்த 10 லட்சக் கணக்கில் சேருமா, சேராதா? கூடுதலாக உதவப் போய், பெரிய கதவை அடைத்துவிடக் கூடாது. டெல்லியிடம் கேட்டு ஒரு பக்கச் சுற்றறிக்கை விட்டால் போதும்.

திருநெல்வேலியில் உங்களுக்கு மண்டல மையம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தை அங்கே வையுங்கள். முதலீட்டாளர்களோடு வாங்கும் துறைகளின் கணக்கு அதிகாரிகளையும் கூப்பிடுங்கள். பில் நம்பர், தேதி, கையெழுத்தான ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நீங்கள் 3 சதவீதம் வைத்திருக்கும் கம்பெனிகளில் ஒன்றின் நிறுவனர்