மரக்கறி லொறி அண்ணனுக்கு

அண்ணே, உங்க பேரு தெரியாது, லொறி நம்பரும் பாக்கல, அதான் இப்படி எழுதுறேன். போன ஐப்பசி மழையில தலவாக்கலையில இருந்து அட்டனுக்கு ஏ7 ரோட்டுல பைக்ல வந்தேன், டெவன் நீர்வீழ்ச்சி தெரியிற பக்கம் பனிமூட்டம்னா அப்படி ஒரு மூட்டம், முன்னால போன பஸ்ஸோட செவப்பு லைட்டே தெரியல, டயர் வழுக்கி கானுக்குள்ள விழுந்தேன். தொடை எலும்பு முறிஞ்சி ரத்தம் ஓடுது. ரெண்டு மூனு வாகனம் ஸ்லோ பண்ணி பாத்துட்டு போயிருச்சி (குத்தம் சொல்லல, நானும் அப்படி போனவன்தான்).

நீங்கதான் நிப்பாட்டுனீங்க. கொழுந்து எடுத்துட்டிருந்த அக்காமாரு என்னைய தூக்கி உக்கார வைக்க வந்தாங்க, நீங்க விடல, கழுத்து ஆடக்கூடாதுன்னு தலைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, காயத்த துணி வச்சி அழுத்த சொல்லி, 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு கோல் எடுக்க வச்சீங்க. அந்த ஆம்புலன்சுக்கு ஒரு சதமும் எடுக்க மாட்டாங்கன்னு அன்னைக்கித்தான் எனக்கு தெரியும். வர்ற வரைக்கும் "மல்லி, நிதாகன்ன எபா"ன்னு (தம்பி, தூங்காதன்னு) சிங்களத்துல சொல்லி தூங்கவே விடல, நடுவுல லீக்ஸ் வெலய பத்தி வேற பொலம்புனீங்க, சிரிப்பு வந்துச்சி, சிரிச்சா வலி உயிர் போச்சி.

இப்ப கால்ல கம்பி இருக்கு, நொண்டி நொண்டி நடக்குறேன், நேத்து மகள நர்சரிக்கு நான்தான் கூட்டிட்டு போனேன். ரொம்ப நன்றிண்ணே. என் மேல போத்துன உங்க சாரத்த அம்மா தொவைச்சி மடிச்சி வச்சிருக்கு. இவர யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.