பொட்டலில் பந்தாடும் தம்பிக்கு

சிவமயம்

கெட்டரிங், இங்கிலாந்து

அன்புள்ள தம்பிக்கு, உன் கூடப் பிறந்த ஆச்சி எழுதுவது. இங்கு நலம். ஆத்தாள், அப்பச்சி, அப்பத்தா எல்லோரின் நலமும் அறிய ஆவல்.

கால்பந்துப் புத்தகங்கள் சொல்லுங்கள், நம் ஊர் போலச் சின்ன ஊர்க் கதையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். ரோஜா முத்தையா வீடு நிறையப் புத்தகம் சேர்த்த கோட்டையூரிலிருந்து இப்படியொரு கேள்வி! அவர் 1992-இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய்விட்டது, ஆகையால் உன்னை மன்னித்தேன்.

பந்தைக் கண்டாலே ஒதுங்குகிறவள் நான். ஆனால் இங்கே குளிர்கால சனிக்கிழமையை ஒருத்தி எப்படித்தான் தள்ளுவது? மருந்தகத்தில் கூட வேலை பார்ப்பவர் உள்ளூர் அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். கையில் காகிதக் குவளைத் தேநீர், காலில் இரண்டு ஜோடிக் காலுறை. அப்படியும் விரல் மரத்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு கதை சொன்னார். 1976-இல் பிரிட்டனிலேயே முதன்முதலாகச் சட்டையில் விளம்பரம் போட்ட கிளப் இதுதானாம். 'கெட்டரிங் டயர்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் 'டயர்ஸ்' என்பதில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டு, அது கிளப்பின் பெயரிலுள்ள 'டவுன்' என்பதன் முதல் எழுத்து என்று சாதித்தார்களாம். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வேண்டிய மூளை!

முதலில் நீ படிக்க வேண்டியவர் இந்த ஊரிலேயே தலைமையாசிரியராக இருந்த ஜே. எல். கார். 1975-இல் அவர் எழுதிய நாவலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஸ்டீப்பிள் சிண்டர்பி வாண்டரர்ஸ் எஃப். ஏ. கோப்பையை வென்றது எப்படி'. முடிவைத் தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டுக் கதை சொல்லத் துணிச்சல் வேண்டும். இங்கிலாந்தின் பெரிய, சின்னக் கிளப்புகள் மோதும் அந்தக் கோப்பைக்குச் சின்ன ஊர் அணிகள் ஆகஸ்டிலேயே ஆடத் தொடங்கிவிடும். பெரிய கிளப்புகள் சாவகாசமாக ஜனவரியில் வந்து சேரும். அதில் ஒரு குக்கிராமம் ஜெயிக்கிறது. கதை சொல்பவன் வாழ்த்து அட்டைகளுக்குச் செய்யுள் எழுதிப் பிழைப்பவன். ஆட்ட உத்திகளை வகுத்துக் கொடுப்பவரோ ஹங்கேரியிலிருந்து வந்த பள்ளித் தலைமையாசிரியர். நடக்காத கதைதான். ஆனால் கூட்டம் போட்டுச் சண்டையிடுவதும், யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று முறைத்துக்கொள்வதும் நம் ஊர்க் கோயில் காரியம் போலவே இருக்கின்றன. கார் தாமே 1930-இல், பதினெட்டு வயதில், யார்க்‌ஷயரில் ஒரு கிராம அணிக்கு ஆடியவர். அதனால்தான் சேறு சேறாகவே இருக்கிறது.

அடுத்தது உண்மைக் கதை. இத்தாலியின் அப்ரூட்சோ மலையில் அப்போது சுமார் ஐயாயிரம் பேர் வாழ்ந்த காஸ்டெல் டி சாங்ரோ ஊரின் அணி 1996-இல் இரண்டாம் நிலை லீகுக்கு ஏறியது. அமெரிக்கரான ஜோ மெக்கின்னிஸ் ஒரு பருவம் முழுக்க அங்கே தங்கி எழுதினார். வீரர்களை வீட்டுப் பிள்ளைகளாகவே பார்க்கிறார். பயிற்சியாளருக்கே யோசனை சொல்கிற அவர் அதிகப்பிரசங்கித்தனம் எனக்கு எரிச்சல். கடைசி ஆட்டத்தைப் பற்றி அவருக்கு எழுகிற சந்தேகத்தை இங்கே சொல்ல மாட்டேன்.

பிஸ்ஸிங்கர் எழுதிய 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' (1990) கோழிமுட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்க ஆட்டம் பற்றியது. உனக்குப் பிடிக்காமல் போகலாம். டெக்சஸில் எண்ணெய் விலை விழுந்து நொடித்த ஊரில், பெரியவர்கள் தங்கள் மானத்தையெல்லாம் பள்ளிப் பையன்கள் தோளில் ஏற்றுகிறார்கள். முழங்கால் போன ஒரு பையனை ஊர் எத்தனை சீக்கிரம் மறக்கிறது என்ற பகுதியைப் படித்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை. பர்மாவில் இருந்த சொத்து கைவிட்டுப் போனபின் பூட்டிய வளவு வீடுகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்த ஊர் புரியும். இங்கேயும் பழைய செருப்புத் தொழிற்சாலைகள் இப்போது அடுக்கு வீடுகள்.

மூன்றையும் பிள்ளையார் நோன்புக்கு ஊர் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது சீப்புச் சீடை வர வேண்டும். கார் தம் வீட்டிலிருந்தே வெளியிட்ட உள்ளங்கையளவுக் கவிதைப் புத்தகம் ஒன்றை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். தபாலில் போகட்டும் என்றே அந்த அளவில் அச்சிட்டார்.

பந்து பட்டு முகப்பு விளக்கின் கண்ணாடி உடைந்ததை அப்பச்சி எழுதியிருந்தார்கள். உன்னுடைய நாலு பக்கக் கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்,
ஆச்சி