தேடலும் ஒரு பாடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹைடெக் ஆய்வகம் உள்ள அரசுப் பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பாடவேளையைச் செய்தி சரிபார்க்க ஒதுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வெள்ளப் படம் ஒன்று போதும். மாணவர்கள் அதை, படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸில் ஏற்றி, அது முதலில் வெளியான தேதியைத் தேடட்டும். 2015 சென்னை வெள்ளப் படமே 'இன்று காலை எடுத்தது' என்று சுற்றிக்கொண்டிருக்கலாம். படத்தை வெட்டியோ இடவலமாகத் திருப்பியோ இருந்தால் லென்ஸ் ஏமாறக்கூடும். அப்போது கடைப் பலகை, பேருந்தின் எண் பலகை ஆகியவைதான் எந்த ஊர்ப் படம் என்பதற்குத் துப்பு.

இணையதளம் ஒன்றை நம்பலாமா என்று பார்க்கச் சொன்னால், மாணவர்கள் அதன் 'எங்களைப் பற்றி' பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். தன்னைப் பற்றி யார்தான் குறை எழுதுவார்? புதிய டேபில் அத்தளத்தின் பெயரைத் தேடி, மற்றவர்கள் சொல்வதைப் படிக்க வேண்டும். முகவரி '.ஆர்க்' (.org) என முடிவது சான்றல்ல; பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். ஏஐ பதிலையும் மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நோட்டில் ஏற்றக் கூடாது.

– கணினி ஆசிரியர்கள் சிலர், மதுரை