டெமோ வாரம்: டவுன்லோடு பண்ணும் முன் படிங்க
மக்களே, ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில வரப்போற கேம்களோட இலவச டெமோவை ஆடிப் பார்க்கற விழாவான ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஜூன்ல நம்ம நேரத்துக்கு இரவு 10:30க்குத் திறக்கும். அன்ரியல் எஞ்சின் 5ங்கற கேம் செய்யற மென்பொருள்ல செஞ்ச டெமோ பலதும் முதல் பத்து நிமிஷம் திக்கித் திக்கி ஓடும். ஒளி, நிழலைத் திரையில வரையற ஷேடர்ங்கற குட்டி நிரல்கள் அப்பதான் தயாராகுது. அதை வச்சு கேமே மட்டம்னு எழுதிடாதீங்க. மூடித் திரும்பத் திறந்து ஆடுங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லேன்னா செட்டிங்ஸ்ல படத் தெளிவை 720பி, வேகத்தை 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 படம்)னு வச்சுக்கோங்க.

வேலூர் வெக்கையில லேப்டாப்பை மெத்தை மேல வச்சா காத்து போகாம சூடேறி, சிப் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அது டெமோவோட குறை இல்ல. பின்பக்கம் ஒரு புத்தகம் வச்சுத் தூக்குங்க.

டெமோவுல சேவ் பண்ண ஆட்டம் சிலதுல முழு கேமுக்கு வராது, பார்த்துக்கோங்க.

கருத்து போடும்போது ப்ராசஸர், ரேம், கண்ட்ரோலர், எத்தனை நிமிஷம் ஆடினீங்க, நாலும் கட்டாயம் வேணும். வெறும் "செம"ன்னா காட்பாடியில அதை டவுன்லோடு பண்ணப் போறவருக்கு ஒண்ணும் புரியாது.