அந்தத் தாளை என் மகளிடம் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

தோத்திரம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பேரவையில் பேசி முடிவும் எடுத்துவிட்டீர்கள். ஆயர் வந்து தரும் உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்குக் கொடுத்திருந்த என் மகளின் பெயர் இப்போது பட்டியலில் இல்லை. அவள் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. அந்தத் தாளை அவளிடம் திருப்பிக் கொடுங்கள், பெயரை மறுபடி சேருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நேரில் இரண்டு முறை வந்தேன். "பிள்ளையை அடக்கி வளர்க்கணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் பங்கிலுள்ள குடும்பக் குழுக்களான அன்பியங்கள் எல்லாவற்றுக்கும் படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

அவள் "பைபிள் பொய்" என்று சொன்னதாகக் கூட்டத்தில் பேசப்பட்டதாம். அவள் அப்படிச் சொல்லவில்லை.

அன்று பாடம் கீழ்ப்படிதல். சாமுவேல் முதல் நூல், 15ஆம் அதிகாரம், 22ஆம் வசனம்: பலியைவிடக் கீழ்ப்படிதல் சிறந்தது. அந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார் டீச்சர். என் மகள் அதிகாரத்தை முதலிலிருந்து படித்துவிட்டாள். மூன்றாம் வசனத்தில், இஸ்ரயேலின் எதிரிகளான அமலேக்கியரில் ஆண், பெண், சிறுவர், பால்குடிக் குழந்தை ஒருவரையும் விடாமல் கொல்லும்படி ஆண்டவர் பெயரால் இறைவாக்கினர் சாமுவேல் அரசர் சவுலுக்குச் சொல்கிறார். ஆடு மாடு, ஒட்டகம், கழுதையையும் சேர்த்து. அவள் எழுந்து கேட்டாள்: "டீச்சர், பால்குடிப் பிள்ளையைக் கொல்லச் சொன்னது கடவுளேதானா, இல்லை சாமுவேல் அப்படிப் புரிஞ்சுக்கிட்டாரா? கடவுளேன்னா அது எப்படிச் சரி?"

அவள் கேட்டது இவ்வளவுதான்.

இந்தக் கேள்வி அவளுக்கு எப்படி வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். காலையில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளி விட்டதும் என் மகள் நேரே அங்கேதான் வருவாள். தூளி ஆட்டுவாள், துணி மாற்றுவாள். ஆறு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைக்கப் பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும் அவளுக்கு. பால்குடி என்று வாசித்ததும் அந்தப் பிள்ளைகளின் முகம்தான் வந்திருக்கும். வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

"கடவுள் வார்த்தையைக் கேள்வி கேக்க நாம யாரு?" என்பது டீச்சரின் பதில். அதோடு விடவில்லை. "செக்கரியா கேள்வி கேட்டு ஊமையானது தெரியுமில்ல?" என்றும் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பீடத்துக்கு முன்னால் அவளை எழுதச் சொன்னீர்கள்: இனி இறைவார்த்தையைக் கேள்வி கேட்க மாட்டேன். கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் நானும் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் என் கையைப் பிடிக்கவே இல்லை. அந்தத் தாளை அவளுக்காக மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. தினமும் ஏழரை மணிக்குச் செபமாலை சொல்வோம். முடிந்ததும் வாசகம் வாசிப்பது அவள் வேலை. எழுத்துக் கூட்டிப் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போது பைபிளை என் மடியில் வைத்துவிட்டு "நீயே வாசிம்மா" என்கிறாள். போன வாரம் ஒருநாள் வற்புறுத்தினேன். திறந்தாள், இரண்டு வரி வாசித்தாள், மூடிவிட்டாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல. வாசிச்சா மறுபடி ஏதாவது தோணும்மா" என்றாள்.

ஃபாதர், பதினான்கு வயதுப் பிள்ளை தனக்கு ஏதாவது தோன்றிவிடுமோ என்று வேதத்தைத் திறக்கப் பயப்படுகிறாள். இரண்டு நாளாகப் பனி அதிகம், அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இந்த மலையில் பனிக்காலத்தில் யாருக்குத்தான் கட்டாது? மிளகும் தூதுவளையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "இது அதனாலயாம்மா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வெளியே போய் நின்றுகொண்டேன்.

செக்கரியாவைச் சொன்னீர்கள். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். லூக்கா முதல் அதிகாரத்தில், முதிய வயதில் பிள்ளை பிறக்கும் என்று கபிரியேல் தூதர் சொன்னதை எப்படி நம்புவது என்று கேட்டு அவர் பேச்சை இழந்தது உண்மைதான். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, அதே கபிரியேல் தூதர் மரியாவிடம் வருகிறார். இது எப்படி நடக்கும் என்று மரியாவும் கேட்கிறார். அவருக்குத் தண்டனை இல்லை, விளக்கம் கிடைக்கிறது. அந்தக் கேள்வி கேட்ட தாயைத்தான் நாம் செபமாலையில் தினமும் வாழ்த்துகிறோம். செக்கரியாவுக்கும் பிள்ளை கிடைக்காமல் போகவில்லை. "இவன் பெயர் யோவான்" என்று பலகையில் எழுதியதும் அவருடைய நாவு அவிழ்ந்தது. என் மகளுக்கோ, எழுதிக் கொடுத்த அன்றுதான் நாவு கட்டியது.

பேரவையில் இருக்கும் அண்ணன் ஒருவர், "கேட்பது வேறு தங்கச்சி, கடவுளைக் குறை சொல்வது வேறு" என்றார். அவர் நல்ல மனிதர், மனதில் பட்டதைத்தான் சொன்னார். நானும் அதை ஒரு வாரம் யோசித்தேன். தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். சோதோமை அழிக்கப்போவதாக ஆண்டவர் சொன்னதும் ஆபிரகாம், உலகத்துக்கே நீதிபதியான நீர் நீதி செய்ய வேண்டாமா என்று கேட்கிறார். இது குறை சொல்வது இல்லையென்றால் வேறு எது? 50 நீதிமான்களில் ஆரம்பித்து 45, 40, 30, 20, 10 வரை இறங்குகிறார். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி ஆறு முறை. ஆறு முறையும் ஆண்டவர் நின்று பதில் சொல்கிறார்.

யோபுவைப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் செத்து, உடம்பெல்லாம் புண்ணாகி, கடவுளிடம் வழக்காட வேண்டும் என்று கேட்டவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்கள் மூவரும் கடவுளுக்காகப் பரிந்து பேசினார்கள்: கடவுள் தப்புச் செய்வாரா, நீதான் ஏதோ பாவம் செய்திருப்பாய். கடைசியில் கடவுள் யோபுவையும் சும்மா விடவில்லை. நான் உலகத்துக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கிறார். ஆனால் 42ஆம் அதிகாரத்தில் அவருடைய சினம் யார்மேல் வருகிறது? அந்த நண்பர்கள்மேல். என் ஊழியன் யோபுவைப்போல் நீங்கள் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். தனக்காகப் பரிந்து பேசியவர்களைப் பலி செலுத்தச் சொல்லி, கேள்வி கேட்டவனையே அவர்களுக்காக மன்றாடவும் வைக்கிறார். அந்த இடத்தை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். கடவுளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து என் மகளை எழுதவைத்த உங்களுக்கும், கையெழுத்துப் போட்ட எனக்கும் சேர்த்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.

பைபிளில் அவரவர் வசதிக்கு வசனம் எடுக்கலாம் என்பீர்கள். திருச்சபை சொன்னதையே பார்ப்போம். இறைவெளிப்பாட்டைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட ஏட்டில் 15ஆம் பத்தி, பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவில்லாதவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அவை கடவுள் மக்களைப் படிப்படியாகப் பயிற்றுவித்த விதத்தைக் காட்டுகின்றன என்றும் சொல்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் இறைவார்த்தை பற்றி எழுதிய ஊக்கவுரையின் 42ஆம் பத்தி இன்னும் நேரடியானது. வன்முறையும் படுகொலையும் வருகிற இருண்ட பகுதிகள் பைபிளில் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போய்விடுவது தவறு, மக்கள் அவற்றைப் புரிந்துகொள்ள மேய்ப்பர்கள் உதவ வேண்டும் என்கிறது. சாமுவேல் அப்படிப் புரிந்துகொண்டாரா என்று என் மகள் கேட்டது ஏறக்குறைய இந்த இடத்தில்தான். உங்கள் பாடப் புத்தகம் 22ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு 3ஆம் வசனத்தைத் தாண்டிப் போனது. தாண்டாமல் படித்தவள் அவள் ஒருத்திதான்.

படித்தவர்கள் கேட்கலாம், சின்னப் பிள்ளைகள் கேட்கக் கூடாது என்று டீச்சர் நினைத்திருக்கலாம். இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டும் அவர்களிடம் கேள்வி கேட்டும் இருந்தபோது அவருக்கு 12 வயது.

இந்தப் பங்கு எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் எனக்கு அதிக வேதனை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் என் அக்காவும் அவளுடைய எட்டு மாதப் பையனும் போனார்கள். மண்ணைத் தோண்டி எடுத்தபோது அவன் அவள் சேலைக்குள்தான் இருந்தான். பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். நான் கல்லறையில் நின்று, பால்குடிப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கத்தினேன். அப்போதிருந்த வயதான பங்குச் சாமி என்னை அதட்டவில்லை. சேற்றிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் அதைத்தாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். அப்புறம் 13ஆம் திருப்பாடலை வாசித்தார். எவ்வளவு காலம் ஆண்டவரே, என்னை மறந்தே போவீரோ என்று வருமே, அதை. அந்த ஒரு சொல்லால்தான் நான் கோயிலை விட்டுப் போகவில்லை. என் மகள் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அக்கா பையனைப் பற்றி அவளிடம் நான் அதிகம் பேசியதுகூட இல்லை.

எங்கள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் சின்னக் குறிப்பிடம் என்ற பழைய மறைக்கல்விப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் எல்லாமே கேள்வியும் பதிலும்தான். அதை ஒப்பித்துத்தான் நானும் நற்கருணை வாங்கினேன். கேள்வியும் புத்தகத்தினுடையது, பதிலும் புத்தகத்தினுடையது, எங்களுடையது என்று ஒரு கேள்விகூட அதில் கிடையாது. அறுபது வருடம் ஆகியும் வகுப்பு அப்படியேதான் நடக்கிறது. தேர்த் திருவிழாவின் மின்விளக்குக்கும் பாண்டு வாத்தியத்துக்கும் வீட்டு வீடாக வரி வாங்குகிறீர்கள், கொடுக்கிறோம். மறைக்கல்விக்கு வாரம் முக்கால் மணி நேரம், அதுவும் மழை வந்தால் ஒழுகுகிற அறையில். சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூட வைப்பதில்லை. டீச்சரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கும் யாரும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் பூசைக்கே போவதில்லை என்று மறையுரையில் வருத்தப்படுகிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு கேள்வியோடு போனார்கள், அதை யாரிடமாவது கேட்டார்களா என்று நாம் விசாரித்ததே இல்லை. பேரவையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. அதை இன்னொரு நாள் கேட்கிறேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள், ஃபாதர். பணிவோடுதான் கேட்க வந்தேன். யாரும் என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கேள்விக்கு முழுப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இல்லையென்றால் அந்தப் பழைய சாமி மாதிரி, நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் போதும். அடுத்த மாதம் ஆயர் வருகிறார். பெயரைச் சேர்க்க இன்னும் நாள் இருக்கிறது. அந்தத் தாளை நீங்களே கிழிக்க வேண்டாம், அலமாரியிலேயே மறந்துவிடவும் வேண்டாம். அவள் கையில் கொடுங்கள். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்கிறோம்.

வருகிற ஞாயிறும் நாங்கள் இரண்டாம் பூசைக்கு வருவோம். இடது பக்கம், மூன்றாவது வரிசை. பூசை முடிந்து அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்,
பிள்ளைக் காப்பகப் பணியாளர்,
நீலகிரி