இணையதள நிரலின் ஒழுங்குக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கணினி படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு விடுதி முன்பதிவு, பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கு என உள்ளூர்த் தேவைகளையே எடுத்து இணையதளம் அமைப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் திரையில் பக்கம் அழகாகத் தெரிகிறதா என்பதோடு மதிப்பீடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உள்ளே ஃபிரண்ட்எண்ட் நிரல், அதாவது பயனர் திரையில் காணும் பகுதியை இயக்கும் நிரல், எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்ப்பவர் குறைவு.

இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு 2013இல் வெளிவந்த பிறகு, திரையைக் காம்போனென்டுகளாக, அதாவது தனித்தனிச் சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதும் பழக்கம் பரவலானது. மாணவர்களும் அப்படியே எழுதுகிறார்கள்; எனினும் காம்போனென்டுகளை ஒரு ஃபோல்டரிலும், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளை வேறொன்றிலும், சர்வரிலிருந்து தகவல் பெறும் நிரலை இன்னொன்றிலும் வகைவாரியாக வைப்பதால், தளம் வளர்ந்தபின் முன்பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்ப்பதற்குக்கூட எல்லா ஃபோல்டர்களையும் துழாவ வேண்டியிருக்கிறது. முன்பதிவுக்குரிய அனைத்தையும், அதன் சோதனை நிரல் உட்பட, ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டு, பல பக்கங்களுக்கும் உண்மையிலேயே பொதுவான பட்டன் போன்றவற்றை மட்டும் தனியே பிரிப்பதே சரியென்பது என் உறுதியான கருத்து.

தளத்தில் காட்டும் அரசு விதிகளைப் பொறுத்தவரை, இப்படி ஓரிடத்தில் வைப்பது இன்னும் முக்கியம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. இந்த விவரத்தை ஒரு விடுதியின் தளம் முகப்பிலும் படிவத்திலும் ரசீதிலும் தனித்தனியே எழுதி வைத்திருந்தால், விதி மாறும்போது ஏதாவது ஓரிடம் திருத்தப்படாமல் விடுபட்டு, மலையேறி வரும் குடும்பத்துக்குப் பழைய தகவலையே சொல்லும். ஒரே கோப்பில் வைத்து மற்ற இடங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டால் ஒரு திருத்தம் போதும். ஒரு கோப்பில் உள்ளதை மற்றொரு கோப்பு எடுத்துப் பயன்படுத்த உதவும் மாட்யூல் வசதி, ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதலே மொழியின் பகுதியாக இருக்கிறது.

பணிவாரியாகப் பிரித்த நிரலில், தேவைப்படும் பகுதியை மட்டும் தேவைப்படும்போது இறக்குமாறு அமைப்பதும் எளிது. மலைப்பாதையில் சிக்னல் நலிந்த இடத்தில் கைபேசியைத் திறப்பவருக்கு, படத்தொகுப்புப் பக்கத்தின் நிரலும் வந்து சேரும்வரை முன்பதிவுப் பக்கம் காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே செய்முறைத் தேர்வில், ஒரு குழுவின் திட்டத்தை மற்றொரு குழுவிடம் கொடுத்து, தேர்வாளர் முன்னிலையில் சிறு திருத்தம் ஒன்றைச் செய்யச் சொல்லி, அது எவ்வளவு எளிதாக முடிகிறது என்பதைக் கொண்டு நிரலை எழுதிய குழுவுக்கு மதிப்பெண் வழங்குமாறு கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
குன்னூர்.