ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் திருத்துங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எந்த நாட்டில் போர் நடந்தாலும், காயம்பட்ட வீரரையும் போர்க்கைதியையும் பொதுமக்களையும் காக்க நாடுகள் செய்துகொண்ட ஜெனீவா உடன்படிக்கைகளைப் பற்றி நம் ஊர் மேடைகளில் உரக்கப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதே உடன்படிக்கைகள் நம்முடைய சொந்தச் சட்டப் புத்தகத்தில் எந்த நிலையில் கிடக்கின்றன என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

1949இல் உருவான நான்கு உடன்படிக்கைகளையும் இந்தியா 1950 நவம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் நாட்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அது தானாகச் சட்டமாகிவிடாது. அரசமைப்பின் 253ஆம் ஷரத்தின்படி நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். பத்து ஆண்டு கழித்து அப்படி வந்ததுதான் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், 1960. பிரிட்டனின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் அதில் நன்றாகவே தெரியும்.

3ஆம் பிரிவைப் படித்தால் பலமான சட்டம் என்றே தோன்றும். காயம்பட்ட வீரர், போர்க்கைதி, பொதுமக்கள் போன்ற பாதுகாக்கப்பட்டவர்களில் ஒருவரை வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. உடன்படிக்கைகள் பட்டியலிட்டிருக்கும் மற்ற 'கடும் மீறல்'களுக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை. குற்றவாளி எந்த நாட்டவர், குற்றம் எங்கே நடந்தது என்பதெல்லாம் தடையே இல்லை. சரி, அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? பக்கத்தைப் புரட்டி 17ஆம் பிரிவுக்கு வாருங்கள். அரசோ, மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தாலொழிய, இந்தச் சட்டத்தின் கீழ் எந்தக் குற்றத்தையும் எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்கிறது அது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க முடியாது. செத்துப்போனவரின் மனைவியும் முடியாது. குற்றம் சாட்டப்படுபவர் அரசின் ஆளாகவே இருந்தாலும், அந்த அரசுதான் புகார் கொடுக்க வேண்டும்.

இது என் கற்பனைப் பயம் அல்ல. மொந்தேரோ எதிர் கோவா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இலேயே இதைச் சொல்லிவிட்டது. கோவா இந்தியாவோடு இணைந்த பிறகும் போர்ச்சுகல் குடியுரிமையையே வைத்துக்கொண்ட பாதிரியார் ஒருவர், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலிருந்து தன்னை வெளியேற்றுவது ஜெனீவா உடன்படிக்கைக்கு எதிரானது என்று வாதாடினார். இணைப்பு நடந்த பிறகு ஆக்கிரமிப்பு என்ற பேச்சே இல்லை என்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. அதை விடுங்கள். நம் கவலைக்குரியது தீர்ப்பின் இன்னொரு பகுதி: 1960ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்கும் தனி நிவாரணம் எதையும் தரவில்லை, உடன்படிக்கைகளை மதிப்பதாக அரசு ஒரு கடமையை ஏற்றிருக்கிறது, அவ்வளவுதான், அந்தக் கடமையை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையைச் சட்டம் உருவாக்கவில்லை. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 17ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் ஷரத்து, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுத மோதலுக்கானது. ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயக்கைதி ஆக்காதே என்கிறது. நம் சட்டத்தின் அட்டவணையில் அந்த வாசகம் அச்சாகி இருக்கிறது. ஆனால் தண்டனை 'கடும் மீறல்'களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் இந்த ஷரத்து வராது. இன்றைய உலகின் மோதல்களில் பெரும்பாலானவை உள்நாட்டு மோதல்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செஞ்சிலுவைச் சின்னத்தின் கதை தனி. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்றால் 'இங்கே சுடாதே' என்று பொருள். மருந்துக்கடைப் பலகையிலும், கிளினிக் வாசலிலும், டாக்டர் காரின் கண்ணாடியிலும் அதை இஷ்டத்துக்கு ஒட்டிவைத்திருக்கிறோம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் சட்டம் எழுதிய அபராதம் 500 ரூபாய் வரை. 1960இல் அது பெரிய தொகை. இன்று அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறவர் யாரும் அதற்குப் பயப்படப் போவதில்லை.

17ஆம் பிரிவை அடியோடு நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கதவை முழுசாகத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் உதாரணம். 1993இல் எந்த நாட்டுப் போர்க்குற்றத்தையும் விசாரிக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். ருவாண்டா படுகொலையில் பங்கெடுத்த நால்வருக்கு 2001இல் தண்டனையும் வாங்கிக்கொடுத்தார்கள். பிறகு உலகத் தலைவர்கள் மேலெல்லாம் புகார் குவிந்தது, அமெரிக்கா மிரட்டியது, 2003இல் அந்தச் சட்டத்தையே கைவிட்டார்கள். அரசின் அனுமதி ஒரு வடிகட்டியாக இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வடிகட்டி அடைத்துக்கொண்டால் கேட்பதற்கு ஒரு வழி வேண்டாமா?

அதற்கான வழி நம் சட்டத்திலேயே கிடைக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவு, அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அனுமதி கேட்டால் 120 நாளில் முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அதே ஏற்பாட்டை 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கொண்டுவரலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் சேர்க்கலாம்.

மனமிருந்தால் நாடாளுமன்றம் செய்யும். ரசாயன ஆயுத உடன்படிக்கைக்கு 2000இல் சட்டம் வந்தது, விமானக் கடத்தலுக்கு 2016இல் புதுச் சட்டம் வந்தது. ஆனால் 1984 சீக்கியர் படுகொலை வழக்கில், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி முரளிதர் அமர்வு 2018 டிசம்பரில் சொன்ன பிறகும், 2023இல் புதிதாக எழுதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இரண்டும் இடம்பெறவில்லை.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா எங்கே நிறைவேறப் போகிறது என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதன் பிறகுதான் அரசே தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்தது. தனிநபர் மசோதாக்களுக்கான ஒரு வெள்ளிக்கிழமையில் உங்களில் ஒருவர் ஒரு திருத்த மசோதாவை முன்வைத்தால் போதும்.

அதற்கு முன்பு, வரும் கூட்டத்தொடரிலேயே மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். 17ஆம் பிரிவின்படி புகார் கொடுக்க எந்த அதிகாரியை மத்திய அரசு அறிவித்திருக்கிறது, எந்தத் தேதியிட்ட அரசிதழில்? அந்தச் சட்டத்தின் கீழ் இதுவரை அரசு கொடுத்த புகார்கள் எத்தனை? பொது 3ஆம் ஷரத்தின் மீறலைக் குற்றமாக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா? பதில் வந்ததும் அதைத் தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்